இருபது நிமிடம் தூரம்

வைரம் பொறுக்கிப் பொறுக்கிக்
கண்ணின் தசை இறுகிவிட்டது என்றார் டாக்டர்.
மருந்து எழுதவில்லை.
தினம் இருபது நிமிடம்
தூரத்தில் எதையாவது பாருங்கள், போதும்.

தாராவியில் தூரம் எங்கே இருக்கிறது?
ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்,
கை நீட்டினால் ஈரம் ஒட்டும்.
வேலையிடத்தில் தூரம் என்பது
உருப்பெருக்கிக்கும் கல்லுக்கும் நடுவே
ஒரு விரற்கடை.

ஜூன் முதல் ஞாயிறு
குர்லாவில் கர்ஜத் வண்டி பிடித்தோம்
நானும் பக்கத்து மேசை ஹேதலும்.
டோம்பிவிலியில் வெயில்.
அம்பர்நாத்தில் தூறல்.
வாங்கணியில் மறுபடி வெயில்.
வீடு மாற்றுகிறவர்களைப் போல வானம்
சாமானை இங்கே இறக்கி
அங்கே ஏற்றிக்கொண்டிருந்தது.

நேரலில் சின்ன ரயிலுக்குச் சீட்டு கொடுத்தவரிடம்
மாத்தேரான் வரைக்கும் போகுமா என்று கேட்டேன்.
போகிறவரைக்கும் போகும் என்றார்.
மராத்தியில் அது இன்னும் நிதானமாக ஒலித்தது.

இரண்டடி அகலத் தண்டவாளம்.
பெட்டிகளின் இடுக்கில் ஒருவர் குந்தியிருந்து
ஊதல் கேட்கும்போதெல்லாம் பிரேக்கைச் சுற்றினார்.
ஜும்மாபட்டியில் நிறுத்திவிட்டார்கள்.
பாறை விழுந்திருக்கிறதாம்.
இல்லையாம்.
விழலாமாம்.
ஹேதல் தேப்லா டப்பாவைத் திறந்தாள்.
எதிர் இருக்கைப் புதுமாப்பிள்ளை
இங்கேயே இறங்கிவிட்டால் பாதிப் பணம் தருவார்களா என்று
இரண்டு தடவை கேட்டான்.
அவன் மனைவி மட்டும்
கம்பிக்கு வெளியே உள்ளங்கையை நீட்டி
மழையைச் சில்லறை மாதிரி வாங்கிக்கொண்டிருந்தாள்.
நாற்பது நிமிடம் கழித்து
யாரும் எதுவும் சொல்லாமல்
வண்டி கிளம்பியது.

மேலே செஞ்சேறு, குதிரைச் சாணம்,
பையைக் குறிவைக்கும் குரங்குகள்.
முனைக்கு ஒரு மணி நேர நடை.
எதிரே வந்தவர்கள் எல்லாரும்
குச் நஹீன், குச் நஹீன் என்று கையை விரித்தார்கள்.
போனோம்.

கம்பி வேலி. அதற்கப்பால் வெள்ளை.
என் எதிர்ச் சுவருக்குச்
சுண்ணாம்பு அடித்த மாதிரி.
எழுபது கிலோமீட்டர் வந்து
அதே நாலடி.
டாக்டரிடம் ஃபீஸைத் திருப்பிக் கேள் என்று
ஹேதல் சிரித்தாள், சிரித்து
ஈரப் பெஞ்சில் உட்கார்ந்தே விட்டாள்.

நான் விடவில்லை.
கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெள்ளையைப் பார்த்தேன்.
எங்கள் தொழிலில்
கல்லுக்குள் மங்கலாகத் தெரியும் குறைக்கு
மேகம் என்றுதான் பெயர்.
மேகம் இருந்தால் மலிவுப் பொட்டலம்.
இவ்வளவு பெரியதை
எந்தப் பொட்டலத்தில் போடுவது?
பழக்கத்தில் கண் தானாக
பழுப்பு எங்கே, கீறல் எங்கே என்று
தேடிக் களைத்து
தேடுவதை நிறுத்தியது.

பதினாறாவது நிமிடம்
அடியிலிருந்து, ரொம்ப அடியிலிருந்து
ஒரு லோக்கல் வண்டியின் ஹாரன்.
அதற்குக் கொஞ்சம் மேலே நாய்.
இன்னும் மேலே, யாரோ தகரத்தில் ஆணி அடிப்பது.
ஒவ்வொரு சத்தமும்
ஒவ்வொரு படியில் நின்றுகொண்டிருந்தது.
காது முதலில் இறங்கிப்போய்விட்டது.

அப்புறம் ஒரு இடத்தில் கிழிந்தது.
அதற்குள் கொஞ்சம் வயல்,
நகத்தளவு நீலத் தார்ப்பாய்.
அது காற்றில் ஒருமுறை உப்பி அடங்கியதைக்கூடப் பார்த்தேன்,
அல்லது பார்த்ததாக நினைக்கிறேன்.
ஹேதல் போனை எடுப்பதற்குள் மூடிக்கொண்டது.

இறங்க ரயில் இல்லை, ரத்து.
டாக்ஸியில் ஏழு பேர்,
மடியில் யாருடையதோ குடை.

திங்கட்கிழமை
மேகமுள்ள ஒரு கல்லைப்
பொட்டலத்தில் போடுமுன்
தேவைக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேற்பார்வைக்கு வந்த ஜிக்னேஷ்பாய்
உள்ளே என்ன என்றார்.
நீலம் என்றேன்.
நம்பாமல்
அவரும் குனிந்தார்.